மாடியில் செல்லாத அட்டை

1

இந்தக் கதை ஒரு கவுண்டரில் பிறந்தது. கனவு, உந்துதல், உள்ளொளி என்று சொல்வார்களே, அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. தஞ்சாவூரில் ஒரு கட்டடத்தின் மாடியில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கையில் அரசு காப்பீட்டு அட்டை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் அட்டையைத் தொடக்கூட இல்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "இந்தக் கார்டு இங்க எடுக்கறதில்லீங்க மேடம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. நான் பாபநாசத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகத் தமிழாசிரியை. போலீஸ் கேஸ் என்று வந்தால் அந்த வேலையும் போய்விடும். அதனால் வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தேன். கண்ணாடி உடைக்கத் துப்பில்லாதவர்கள் செய்கிற வேலைதானே இது.

ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன். படித்து முடித்துவிட்டு, "கதை நல்லாருக்கு, குரல்தான் கொஞ்சம் ஓங்கியிருக்கு" என்று யாரும் எனக்கு மெசேஜ் போட வேண்டாம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காவிரிக் கரையெங்கும் நெல்வயல்கள்…"

அடச்சீ. பேனாவைப் பிடித்தால் எங்கிருந்துதான் வருமோ இந்தக் கம்பளம். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் கம்பளமே கிடையாது.

இரண்டாவது:

"எழில்மொழி வெறித்த பார்வையோடு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விழிகளில் தேங்கிய"

இதோடு நிறுத்திவிட்டேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை. போன்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வீடியோ, யாரோ கேக் செய்கிற வீடியோ, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. விழிகளில் ஒன்றும் தேங்கவில்லை. தேங்கியிருந்தால் எங்களில் யாராவது முன்னாலேயே கவனித்திருப்போம்.

மூன்றாவது தொடக்கம் வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

எழில்மொழி என் அண்ணன் மகள். (பெயரை மாற்றிவிட்டேன். இந்தப் பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள். "நீங்க வெச்சா ஏதாவது பூ பேரா வெப்பீங்க அத்தை" என்றாள்.) அண்ணன் தங்கையன் விவசாயி. எங்கள் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். அண்ணனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம், குத்தகையாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. எழில் படித்தாள். தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தாள், தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். ஒருநாள் பாதி வழியில், அய்யம்பேட்டையில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குப் போன் போட்டு "வந்து கூட்டிட்டுப் போப்பா" என்றாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. தூங்கவில்லை. தலை வாரவில்லை. அம்மா சோற்றைப் பிசைந்து வைத்தால் பிசைந்தபடியே காய்ந்து கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். "எனக்கு இருக்கவே பிடிக்கல அத்தை" என்றாள். வெங்காயம் பிடிக்கலை என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

இந்தக் கதையில் பணயமாக இருப்பது அதுதான். அவள் இருக்க வேண்டும். நான் எங்காவது வழிதவறி எங்கோ போனாலும் நீங்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

3

காரணம் என்ன?

கேட்பீர்கள் என்று தெரியும். ஊரே கேட்டது. "லவ்வா?" என்றார்கள். "காத்து கறுப்பா?" என்றார்கள். "போன் பாத்துப் பாத்துத்தான்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பத்திரிகை ஆசிரியரும் கேட்பார்: "பாத்திரத்தின் துயரத்துக்கு வலுவான பின்னணி வேண்டும், தோழர்."

நானும் ஒன்றிரண்டு பின்னணி தைத்துப் பார்த்தேன். லேபில் ஒரு மேலாளர், கைவிட்ட காதலன், சின்ன வயதில் ஒரு

வேண்டாம். அடித்துவிட்டேன். கை ஒடிந்து வருகிறவனிடம் "எப்படி ஒடிஞ்சது, கதை சொல்லு, நம்பும்படி இருந்தா கட்டுப் போடறேன்" என்று யாராவது கேட்கிறார்களா? மனசு ஒடிந்தால் மட்டும் கதை கேட்கிறீர்கள். கதை எழுதுகிறவளாகவே சொல்கிறேன், இந்த இடத்தில் உங்களுக்குக் கதை கிடையாது.

4

அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தானே?"

போனோம். (எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அங்கிருந்த டாக்டர் நல்ல மனுஷர்.) வாசல்வரை கூட்டம். டாக்டர் மாத்திரை எழுதினார். அது வேலை செய்தது, எழில் கொஞ்சம் தூங்கினாள். "மாத்திரை மட்டும் போதாதும்மா. யாராவது வாராவாரம் உக்காந்து பேசணும், முறையாப் பேசத் தெரிஞ்சவங்க. இங்க அதுக்கு ஆள் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம்" என்றார். சொல்லும்போதே அடுத்த நோயாளி ஸ்டூலில் பாதி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என்ன செய்வார் பாவம்.

அப்படித்தான் அந்தக் கட்டடத்துக்குப் போனோம். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி, மாடியில் மனநல ஆலோசனை மையம். இரண்டுக்கும் படிக்கட்டு ஒன்றுதான். கீழே நுழைந்ததும் சுவரில் பெரிய பலகை: அரசு காப்பீட்டு அட்டை ஏற்றுக்கொள்ளப்படும். அண்ணன் அதைப் பார்த்ததும் அட்டை இருந்த சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். முகமே மலர்ந்துவிட்டது.

அட்டையை என் கையில் கொடுத்தார், மலர்ந்த முகத்தோடு மாடி ஏறினோம். அங்கேதான் ஆமினா என்கிற அந்தப் பெண் முதல் பத்தியில் சொன்னதைச் சொன்னாள்.

"கீழ போர்டு போட்டுருக்கே?"

"அது கீழ ஆஸ்பத்திரிக்குங்க மேடம். நாங்க வேற."

மறுபடி கீழே வந்தோம். அங்கே காப்பீட்டு மேசையில் சதீஷ் என்று ஒரு பையன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். ஒவ்வொரு சிகிச்சைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு குறியீட்டு எண் உண்டாம், அதைத் தேடினான்.

"பேசறதுக்குக் கோடு கிடையாதுக்கா. ஆபரேஷனுக்கு இருக்கு, ஐ.சி.யூ.வுக்கு இருக்கு. பேஷன்ட் அட்மிட் ஆகணும். படுக்கணும்."

"படுக்க முடியாது தம்பி. உக்காந்து பேசணும்" என்றார் அண்ணன்.

"அதான்ண்ணே, உக்காந்தா வராது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தப்பா நெனைக்காதீங்க. மருந்து கிருந்து குடிச்சுட்டு எமர்ஜென்சில வர்றாங்கல்ல, அதுக்குக் கோடு இருக்கு. அப்படி வந்தா மொத்தமும் கார்டுலயே பாத்துருவோம்."

புரிந்ததா? பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்தால் அட்டை செல்லும். குடிக்காமல் இருப்பதற்காக வந்தால் செல்லாது. கீழே படுத்தால் அரசாங்கம் பணம் கட்டும். மாடியில் உட்கார்ந்தால் தங்கையன் கட்ட வேண்டும்.*

எழில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் என்னிடமிருந்து அட்டையை வாங்கித் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நெல்லுல ஈரம் கூடன்னா கொள்முதல் நிலையத்துல திருப்பி விடுவான். காயவெச்சு எடுத்துட்டுப் போவோம். இவள நான் எங்க கொண்டுபோயிக் காயவெக்கிறது பாப்பா?"

(* இது இந்தக் கதையில் வருகிற அட்டை. உங்கள் அட்டையில் உட்கார்ந்து பேச இடம் இருந்தால் ரொம்பச் சந்தோஷம். எனக்கு எழுதுங்கள், நேரில் வந்து அந்த அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.)

5

இந்தக் கதைக்கு எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். ஆத்திரம் இருக்கிறது, கொட்ட இடம் வேண்டும் இல்லையா? மாடியில் ஆலோசகராக இருக்கும் குந்தவை மேடத்தைத் தேர்ந்தெடுத்தேன். என் முதல் பிரதியில் அவர் கை நிறைய வளையல் போட்டிருந்தார், ஏ.சி. அறையில் இருந்தார், "ஏழைகளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்பதுபோல ஒரு புன்னகை புரிந்தார். அந்தப் புன்னகையை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

அப்புறம் உண்மையாகவே அவரிடம் சண்டை போடப் போனேன். ஏ.சி. இல்லை. மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க ஏன் அந்தக் காப்பீட்டுத் திட்டத்துல சேரல? காசு போதாதா உங்களுக்கு?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

"சேரணும்னு எழுதிப் போட்டேங்க" என்றார். "எத்தன படுக்கை இருக்குன்னு கேட்டாங்க. என்கிட்ட ரெண்டு நாற்காலிதாங்க இருக்கு."

அந்த இரண்டில் ஒன்றில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

"கொறச்ச பணத்துக்கும் சில பேரைப் பாக்கறேன். அந்த எடம் ரொம்பி வழியுது. வாடகை குடுக்கணும், ஆமினாவுக்குச் சம்பளம் குடுக்கணும். எட்டு சிட்டிங்குக்குச் சேத்துக் கட்டுனா கொஞ்சம் கொறச்சுக்கறேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதாங்க."

வில்லன் போயிற்று. வளையல்களைக் கழற்றிவிட்டேன். இப்போது என் ஆத்திரம் போக்கிடம் இல்லாமல் நிற்கிறது. படுக்கை எத்தனை என்று கேட்டவர் யார்? அவருக்கு முகம் இருக்கிறதா, அவர் மதியம் என்ன சாப்பிடுகிறார்? தெரிந்தால் கதைக்குள் இழுத்து வந்து நாலு சாத்து சாத்தியிருப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு வெப்சைட். வெப்சைட்டை எந்தக் கன்னத்தில் அறைவது?

6

அண்ணன் கட்டினார். குறுவை நெல் போட்ட பணம் வந்திருந்தது. (தொகையை எழுதினேன், அடித்துவிட்டேன். பாதிப் பேர் "இவ்வளவுதானா" என்பீர்கள், பாதிப் பேர் "அவ்வளவா" என்பீர்கள். இரண்டையும் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. சம்பா உரத்துக்கு வைத்திருந்த பணம், அவ்வளவு தெரிந்தால் போதும்.) நீ ஏன் கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள், என் பங்கும் அதில் இருக்கிறது. அத்தையும் அப்பனும் பையில் கைவிட்டுத்தான் இது நடக்க வேண்டும் என்றால் அப்புறம் அந்த அட்டை என்ன மயிலிறகா, புத்தகத்துக்குள் வைத்து அழகு பார்க்க?

வெள்ளிக்கிழமை தோறும் போனார்கள். ஆமினா அதை சிட்டிங் என்றாள். அண்ணன் "முறை" என்றார். எங்கள் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். ஒரு வாய்க்காலை நம்பியிருக்கிற வயல்களுக்கெல்லாம் ஒவ்வொரு நாள். உன் நாளில் நீ மடையைத் திறந்துகொள், என் நாளில் நான். அண்ணனுக்கு எட்டு வெள்ளிக்கிழமையும் எட்டு முறைத் தண்ணீர். "அஞ்சாம் முறை எப்பம்மா?" என்றுதான் எழிலிடம் கேட்பார்.

தண்ணீர் ஏறத்தான் செய்தது. மூன்றாவது வாரம் எழில் தானாகத் தலைக்குக் குளித்தாள். நான்காவது வாரம், "என்னப்பா துண்டு இது, மாடு துவட்டுன மாதிரி இருக்கு, கழட்டு" என்று அப்பாவைத் திட்டினாள். அண்ணன் அந்தத் துண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "திட்டுறா பாப்பா! என்னைய திட்டுறா!" என்று குதூகலமாகச் சொன்னார். நான் ஸ்டாஃப் ரூமில் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டேன்.

உள்ளே குந்தவை மேடமும் அவளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுத்தாளர் என்றால் கதவு வழியாக நுழைந்துவிடலாம் என்று ஒரு வசதி உண்டு. இந்தக் கதவு வழியாக நான் நுழைய மாட்டேன்.

7

இப்போதுதான் கதை கெட்டுப்போகிறது.

அண்ணன் வயலுக்கு அடுத்த வயல் ரெத்தினம் அண்ணனுடையது. வாய்க்காலில் எங்களுக்குக் கீழே, கடைமடை. அண்ணனும் அவரும் காலம் காலமாக முறை மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தர் வயலில் ஈரம் இருந்து இன்னொருத்தர் வயல் காய்ந்தால், "இன்னைக்கு நீ பாய்ச்சு, உன் முறையை எனக்குக் குடு." அதற்குக் கையெழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

அந்த ரெத்தினம் அண்ணன் கொஞ்ச நாளாகச் சரியில்லை. மடையைத் திறந்துவிட்டு மூட மறந்து அங்கேயே நின்றுகொண்டிருப்பார். யாராவது கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். (இவருக்கும் காரணம் கேட்காதீர்கள். மூன்றாம் பகுதியைத் திரும்பப் படியுங்கள்.) அண்ணன்தான் அவரை அதே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதே மாத்திரை, அதே "யாராவது பேசணும்".

ஒருநாள் ரெத்தினத்தின் மனைவி ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, இத உங்க வீட்டுல வெச்சுக்கங்க. எங்க வீட்டுல வேணாம்." உள்ளே அவர்கள் வீட்டுப் பூச்சிமருந்து டப்பாக்கள்.

அண்ணன் வாங்கிக்கொண்டார். வாங்கியபிறகுதான் தன் வீட்டுக்குள் யார் இருக்கிறாள் என்பது உறைத்திருக்கிறது. தன் வீட்டு டப்பாக்களையும் அதே சாக்கில் போட்டுக் கட்டி, டி.வி.எஸ்.ஸில் வைத்துக்கொண்டு பாபநாசத்தில் என் வாடகை வீட்டுக்கு வந்தார். "கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும் பாப்பா" என்றார். பீரோவில் வைத்துப் பூட்டினேன். புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை, எழிலின் ஏழாம் முறை, பள்ளியில் எனக்குப் போன் வந்தது. ஆமினா.

"மேடம், எழில்மொழிங்கற பேர்ல ஒரு பெரியவர் வந்திருக்காருங்க."

"என்னது?"

"எழில்மொழின்னு கூப்புட்டேன், எந்திரிச்சு வந்துட்டாரு. 'நீங்களா?'ன்னேன். 'ஆமாம்மா, அவங்க முறைல நான் வந்திருக்கேன்'ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல மேடம்."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். சலவை செய்த வேட்டியோடு வந்திருந்ததாக ஆமினா பிறகு சொன்னாள்.

"பாப்பா, நான் ரெத்தினம். தங்கையன் இந்த முறைய எனக்கு விட்டுக்குடுத்துருக்கான். இந்தப் பொண்ணு மாத்த முடியாதுங்குது. நீ கொஞ்சம் சொல்லேன்."

"அண்ணே, அங்க அப்படி மாத்திக்க மாட்டாங்க."

"ஏன், பணந்தான் கட்டியாச்சே? யாரு உக்காந்தா என்ன?"

பதில் சொல்லுங்கள் பார்ப்போம். ஒருத்தி மனசைத் திறந்து பாதியில் வைத்திருக்கும்போது அந்த நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைக்க முடியாது என்று புரிகிறது. ஆனால் காய்ந்து கிடக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

அதற்குள் அடுத்து வர வேண்டியவர் உள்ளே போய்விட்டார். குந்தவை மேடம் இடையில் வெளியே வந்து ரெத்தினம் அண்ணனிடம் நின்றபடியே கொஞ்ச நேரம் பேசினாராம், ஒரு போன் நம்பர் கொடுத்தாராம், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று. எழிலின் முறை 'வரவில்லை' என்று கணக்காகிவிட்டது, மையத்தின் விதி அப்படி. ரெத்தினம் அண்ணன் அடுத்த பஸ்ஸில் திரும்பினார். முறை இரண்டு வயலுக்கும் பாயாமல் வீணாகப் போயிற்று.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"உம் பொண்ணு உசுரு அது! வாய்க்காத் தண்ணின்னு நெனைச்சியா, இஷ்டத்துக்குத் தூக்கிக் குடுக்க?"

"அவன் காயறான் பாப்பா. இவ தேறிட்டு வர்றா. ஈரம் இருக்கிறவன்தான விட்டுக்குடுக்கணும்?"

"அவளக் கேட்டியா நீ?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கேட்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு நான் இன்னும் நிறையக் கத்தினேன்.

8

இங்கே இரண்டு முடிவு எழுதினேன்.

முடிவு ஒன்று: ரெத்தினம் அண்ணன் ஒரு விடியற்காலையில் கீழ்த்தளத்துக்கு, சதீஷ் சொன்ன வழியில்தான், வந்து சேருகிறார். அட்டை செல்கிறது. கடைசி வரி: "கணினியில் பச்சை நிற டிக் விழுந்தது." பிரமாதமான வரி! எழுதிவிட்டு எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

முடிவு இரண்டு: ஊரே கூடி ஒரு நிதி திரட்டுகிறது. ஆலமரம், கூட்டம், எல்லோர் கண்ணிலும் நீர்… (தூ.)

இதுவரை எழுதிய கதையோடு சேர்த்து இரண்டையும் எழிலிடம் படிக்கக் கொடுத்தேன். கதையில் வருகிறவளிடம் கதையைக் கொடுக்கக்கூடாது என்று எழுதுகிறவர்கள் சொல்வார்கள். ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"ரெத்தினம் சித்தப்பாவ எதுக்கு அத்தை சாகடிக்கிறீங்க? காலைல கூட வாய்க்கா மேட்டுல பாத்தேன். அவரு இருக்காரு. உங்களுக்கு ஒரு நல்ல வரி வேணும்ங்கறதுக்காக அவரு போகணுமா?"

முதல் முடிவை அடித்தேன்.

"அப்புறம் இது தப்பு." ஏழாம் பகுதியைக் காட்டினாள். "அப்பா என்னையக் கேட்டாரு. கேட்டுத்தான் குடுத்தாரு. நாந்தான் சரின்னேன். நீங்க கத்தும்போது அவரு என்னையக் காட்டிக்குடுக்கல, அவ்வளவுதான்."

"நீயாடி குடுத்த? எவ்வளவு பெரிய மனசுடி உனக்கு!"

"மனசும் இல்ல ஒண்ணும் இல்ல." காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "அந்த வாரம் போக எனக்குப் பயமா இருந்துச்சு. மேடம் அய்யம்பேட்டைய பத்திக் கேக்கப் போறாங்கன்னு தெரியும். அன்னைக்கு பஸ்ஸவிட்டு எறங்கி நான் என்ன நெனச்சேன்னு கேப்பாங்க. எப்படிடா தப்பிக்கிறதுன்னு இருந்தேன். அப்பா வந்து சித்தப்பாவுக்குக் குடுப்பமான்னு கேட்டாரு. அப்பாடான்னு குடுத்துட்டேன். நல்ல புள்ளன்னு பேரும் வந்துச்சு. நீங்க அத வேற கதையா எழுதி, முறை, ஈரம்னு… அத எழுதாதீங்க அத்தை. எழுதுனா நான் இப்ப சொன்னதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். விட்டுக்கொடுக்கிற டெல்டாக்காரர்கள் என்று ஒரு அழகான பத்தி வைத்திருந்தேன், அது போயிற்று. போகட்டும்.

அவள் சொன்னதிலிருந்து ஒன்றைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஈரம் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோமே, அது மேலாக நனைந்த மண். துண்டைத் திட்டியதும் தேறிவிட்டாள் என்று நினைத்தோம். அடியில் இன்னும் வெடிப்பு அப்படியே இருக்கிறது. அங்கே போவதற்கு அவளுக்கு இருப்பது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. எட்டில் அதுதான் மிச்சம்.

9

அந்த வெள்ளிக்கிழமை நாளைக்கு.

சம்பா இன்னும் கதிர் வைக்கவில்லை. தை வரைக்கும் அண்ணன் கையில் ஒன்றும் வராது. என் சம்பளம் வந்து இரண்டு மாதம் ஆகிறது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வெப்சைட்டுக்கு நானும் ஒரு மனு போட்டேன். 'படுக்கைகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே விடவில்லை. பூஜ்யம் போட்டேன், சிவப்பு எழுத்தில் 'சரியான எண்ணை உள்ளிடவும்' என்றது.

எழில் இன்று போன் செய்தாள். "நாளைக்கு நான் போறேன் அத்தை. யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். அய்யம்பேட்டைய பத்தி நானே ஆரம்பிச்சுடறேன்." சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டாள்.

அதே பஸ்ஸில் ரெத்தினம் அண்ணனும் வருகிறார். ஆமினாதான் வரச் சொன்னாளாம். "யாராச்சும் கட்டிட்டு வராமப் போனாங்கன்னா மேடம்கிட்ட கேட்டுப் பாக்கறேன். உறுதி சொல்ல முடியாதுங்க. கூட்டிட்டு வாங்க, உக்காந்திருக்கட்டும்." ஆக அவர் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து, யாரென்றே தெரியாத ஒருவர் வராமல் போக வேண்டும் என்று காத்திருப்பார். கடைமடைக்காரருக்கு அது புதிதில்லை. எனக்குத்தான் வயிறு எரிகிறது. ஒரு மனுஷன் பிழைக்க இன்னொருத்தர் தவற வேண்டும் என்று எந்த முட்டாள் வைத்தான்?

நாளைக்கு மாடியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எழில் படியேறிவிடுவாளா, பாதியில் அய்யம்பேட்டையில் இறங்கிவிடுவாளா, ரெத்தினம் அண்ணனைக் கூப்பிடுவார்களா, கூப்பிடாவிட்டால் அவர் எந்த பஸ்ஸில் திரும்புவார்? எட்டு முடிந்த பிறகு அடுத்த வெள்ளிக்கிழமை அவள் என்ன செய்வாள்? நான் எழுத மாட்டேன். எழுதி முடித்தால் நீங்கள் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவீர்கள். முடிவை நீங்களே எழுதுங்கள்.

எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆலமரத்தடிக் கூட்டம்கூடப் போட்டுக்கொள்ளுங்கள், நான் இனிமேல் துப்ப மாட்டேன். சதீஷின் கம்ப்யூட்டரில் ஒரு நாள் பேச்சுக்கும் ஒரு கோடு வந்துவிட்டதாக எழுதினால் உங்கள் வீடு தேடி வந்து சாப்பாடு போடுகிறேன்.

ஒரே ஒரு முடிவுதான் கூடாது. அவர்கள் இரண்டு பேரில் யாரும் கீழ்த்தளத்தில் படுக்கக்கூடாது. அந்த அட்டை செல்லுபடியாகிற முடிவை மட்டும் எழுதாதீர்கள்.

இரண்டு வீட்டு டப்பாக்களும் என் பீரோவில்தான் இருக்கின்றன. சாவி என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் தர மாட்டேன். உங்களுக்கும்தான்.